பட்டுவாடாவுக்கு முன் எக்செல் கோப்பை எப்படிச் சோதிப்பது?

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் கணக்குப் பொறுப்பை இப்போதுதான் ஏற்றிருக்கிறேன். எனக்கு முன்பு இருந்தவர் ஓர் எக்செல் கோப்பை ஒப்படைத்துவிட்டுப் போனார். உறுப்பினர்களின் நிலம், அவர்கள் கொடுத்த 2025 குறுவை நெல், விலை, விதைக்கும் உரத்துக்கும் கொடுத்த முன்பணப் பிடித்தம், கடைசியில் தர வேண்டிய தொகை எல்லாம் அதில்தான் இருக்கிறது. அதை வைத்து அடுத்த வாரம் வங்கி வழியாகப் பட்டுவாடா செய்யும்படி இயக்குநர் குழு சொல்கிறது. கூட்டிப் பார்த்தேன், மொத்தம் சரியாக இருக்கிறது. நம்பலாமா?

பதில்:

மொத்தம் சரியாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து நம்ப வேண்டாம். பட்டுவாடாக் கணக்கில் ஒருவருக்குக் கூடுதலாகப் போவதும் இன்னொருவருக்குக் குறைவதும் மொத்தத்தில் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு போய்விடும். குழு பார்ப்பது மொத்தத்தை. விவசாயிக்கோ அந்தக் கோப்பில் தன்னுடைய ஒரு வரிதான் எல்லாம். பிழைச் செய்தி காட்டும் செல்லைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. யார் கண்ணிலாவது பட்டுத் திருத்தப்பட்டுவிடும். பார்வைக்கு ஒழுங்காக நிற்கும் தவறான எண்தான் வங்கி வரை போய்ச் சேர்கிறது. ஒரு வாரம் இருக்கிறதே, போதும். அதில் பாதியைத் திரைக்கு முன்னாலும் பாதியை எடைச் சீட்டுக் கட்டுக்கு முன்னாலும் செலவிடுங்கள்.

முதலில், உங்களிடம் வந்த கோப்பை வந்தபடியே ஒரு பிரதி எடுத்து, பெயரில் தேதி போட்டுத் தனியாக வைத்துவிடுங்கள். அதைத் தொடக் கூடாது. சோதனையெல்லாம் இன்னொரு பிரதியில். பிறகு என்ன மாறியது, யார் மாற்றியது என்ற பேச்சு வந்தால் அந்தத் தொடாத பிரதிதான் பேசும்.

ஃபார்முலாக்களுக்குள் நுழைவதற்கு முன் கோப்புக்கு வெளியே உள்ள எண்களோடு ஒத்துப்பாருங்கள். உறுப்பினர் பதிவேட்டில் எத்தனை பேர், அவர்களில் இந்தப் பருவம் நெல் கொடுத்தவர்கள் எத்தனை பேர், கோப்பில் எத்தனை வரி? ஆலைக்கு அனுப்பிய லோடுகளின் எடைச் சீட்டுகளைக் கூட்டினால் வருவது எத்தனை குவிண்டால், கோப்பில் உள்ள நெல் எத்தனை குவிண்டால்? உரக் கிடங்கின் இருப்புப் பேரேட்டின்படி முன்பணமாகப் போனது எவ்வளவு, கோப்பில் பிடித்தம் எவ்வளவு? இந்த மூன்றும் ஒத்துவராமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

வரியை எண்ணுவது சின்ன வேலையாகத் தோன்றலாம். 2020-இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை கொரோனா பரிசோதனை முடிவுகளைப் பழைய வகை எக்செல் கோப்பு வழியாக ஏற்றியது. அந்த வகைக் கோப்பில் ஒரு ஷீட்டுக்கு 65,536 வரிகளுக்கு மேல் இடம் இல்லை. மிஞ்சிய வரிகள் சத்தமில்லாமல் உதிர்ந்துவிட்டன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 பேரின் தொற்று அன்றாடக் கணக்கில் வராமல் போனது. அவர்களோடு பழகியவர்களைத் தேடுவதும் தாமதமானது. அனுப்பியது எத்தனை வரி, வந்தது எத்தனை வரி என்ற ஒரே ஒப்பீடு அன்றைக்கே அதைக் காட்டிக்கொடுத்திருக்கும். உங்கள் கோப்பு அவ்வளவு பெரிதாக இருக்காது. ஆனாலும் கிராம வாரியாகத் தனித்தனி ஷீட்டில் எழுதி ஒன்றாக ஒட்டியிருந்தால், ஒரு கிராமத்தின் கடைசிப் பத்து வரி விட்டுப்போக வாய்ப்பு நிறைய.

அடுத்து அலகு. டெல்டாவில் என்னிடம் வந்த கோப்புகளில் நான் அதிகம் கண்ட பிழை இதுதான். விவசாயி மூட்டை என்று சொல்வது பெரும்பாலும் 60 கிலோ. கொள்முதல் நிலையத்துச் சிப்பம் 40 கிலோ. ஒரே பத்தியில் ஒருவர் மூட்டையிலும் இன்னொருவர் சிப்பத்திலும் எண்ணிக்கை எழுதியிருந்தால், எண்ணைப் பார்த்து ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாது. நிலக் கணக்கு இதைவிட மோசம். வாய்ப்பேச்சில் மா, வேலி. கிரயப் பத்திரத்தில் ஏக்கர், செண்ட். சிட்டாவில் ஹெக்டேர், ஏர். சிட்டாவில் “0 - 5.00” என்று இருப்பது ஐந்து ஏர், அதாவது 0.05 ஹெக்டேர், ஏறக்குறைய 12 செண்ட். அதை அவசரத்தில் 0.5 என்று எழுதிவிட்டால் அரை ஹெக்டேர், பத்து மடங்கு. ஒரு ஏக்கர் 5 செண்ட் என்பதை 1.05 என்று எழுதாமல் 1.5 என்று எழுதுவதும் இதே கதைதான். சிட்டாவில் உள்ளபடியே நடுவில் கோடு போட்டு “0 - 40.50” என்று எழுதியிருந்தால் எக்செல் அதை எண்ணாகவே எடுத்துக்கொள்ளாது. கூட்டலில் அந்த வரி இல்லாதது போலத் தாண்டிப் போய்விடும், எந்த எச்சரிக்கையும் வராது. விதையும் உரமும் நீங்கள் ஏக்கர் கணக்கில் கொடுத்திருப்பீர்கள். நிலம் தப்பினால் பிடித்தமும் தப்பும்.

இதைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. மேட்டூர் அணை நிரம்பினால் 120 அடி, 93.47 டி.எம்.சி. என்று டெல்டாவில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். நீர் இருப்பு 130 டி.எம்.சி. என்று யாராவது எழுதிக்கொடுத்தால் படித்த மாத்திரத்தில் மறுத்துவிடுவோம். உங்கள் கோப்பின் ஒவ்வொரு பத்திக்கும் அப்படி ஓர் உச்சமும் ஒரு தாழ்வும் உண்டு. அதை எழுதி வையுங்கள். ஒவ்வொரு உறுப்பினரும் கொடுத்த நெல்லை அவருடைய ஏக்கரால் வகுத்து ஒரு புதுப் பத்தி போட்டு, பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்துங்கள். ஏக்கருக்கு 60 கிலோ மூட்டையில் 45-ஐத் தாண்டும் வரிகளையும், பத்துக்குக் கீழே இறங்கும் வரிகளையும் ஒவ்வொன்றாகச் சீட்டோடு பாருங்கள். எல்லாம் தப்பு என்று சொல்லவில்லை. மகன் பெயரில் உள்ள நிலத்து நெல்லை அப்பா பெயரில் கொடுத்திருக்கலாம், விளைச்சலில் பாதியைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோயிருக்கலாம். ஆனால் அலகுப் பிழை ஒளிந்திருப்பதும் இந்த இரண்டு ஓரங்களில்தான். ஈரப்பதம் 17 என்பது 1.7 ஆகவோ 71 ஆகவோ பதிவாகியிருப்பதும் இப்படி வரிசைப்படுத்தினால் மேலும் கீழுமாக வந்து நிற்கும்.

இனி தேதியும் விலையும். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கோப்பில் இந்த ஆபத்து நிச்சயமாக இருக்கிறது. உங்கள் நிறுவனம் அரசு கொள்முதல் விலையையே பின்பற்றுகிறது என்று வைத்துக்கொள்கிறேன். சன்ன ரகத்துக்குத் தமிழ்நாட்டில் 2025 ஆகஸ்ட் 31 வரை குவிண்டாலுக்கு 2,450 ரூபாய். செப்டம்பர் 1 முதல் 2,545 ரூபாய் ஆனது. குறுவை அறுவடை அந்தத் தேதியின் இரண்டு பக்கமும் நடந்தது. ஆகவே கோப்பில் இப்படி ஒரு ஃபார்முலா இருக்கும்: தேதி செப்டம்பர் 1 அல்லது அதற்குப் பிறகு என்றால் 2,545, இல்லையென்றால் 2,450. படித்தால் எந்தக் குறையும் தெரியாது.

கணினியின் தேதி அமைப்பு அமெரிக்க முறையில், அதாவது மாதம் முதலில், நாள் பிறகு என்று இருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். நீங்கள் 05/09/2025 என்று தட்டினால் எக்செல் அதை மே 9 என்று எடுத்துக்கொள்ளும். விலை 2,450 விழும். 25/08/2025 என்று தட்டினால் 25-ஆவது மாதம் கிடையாது என்பதால் அதை வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். எழுத்தை எண்ணோடு ஒப்பிடும்போது எக்செல் எப்போதும் எழுத்தே பெரியது என்று முடிவு கட்டும். ஆகவே ஆகஸ்ட் 25-இல் கொடுத்தவருக்கு 2,545 விழும். இந்தக் கணக்கை எல்லா நாட்களுக்கும் போட்டுப் பாருங்கள்: எந்த மாதமாக இருந்தாலும் 1 முதல் 8-ஆம் தேதி வரை பழைய விலை, 9 முதல் மாதக் கடைசி வரை புது விலை. ஆகஸ்ட் 25-இல் 100 சிப்பம் கொடுத்தவருக்கு 3,800 ரூபாய் கூடுதல். செப்டம்பர் 5-இல் 100 சிப்பம் கொடுத்தவருக்கு 3,800 ரூபாய் குறைவு. மொத்தம் அசையாது. செப்டம்பர் 15, 20 என்று ஆங்காங்கே நாலு வரியைப் பார்த்தவருக்கு எல்லாம் சரியாகவே தோன்றும்.

கண்டுபிடிப்பது எளிது. தேதிப் பத்தியில் எண்களை மட்டும் எண்ணும் கவுன்ட் ஃபார்முலாவையும், காலியாக இல்லாத எல்லாவற்றையும் எண்ணும் கவுன்ட்ஏ ஃபார்முலாவையும் ஒரே வரம்புக்குப் போடுங்கள். இரண்டு விடையும் ஒன்றாக இல்லையென்றால், வித்தியாசம் எவ்வளவோ அத்தனை தேதிகள் எழுத்தாகக் கிடக்கின்றன. பிறகு அதே பத்தியின் மிகச் சிறிய தேதியையும் மிகப் பெரிய தேதியையும் கேளுங்கள். குறுவைக் கோப்பில் ஜனவரி வந்தால் மாதமும் நாளும் இடம் மாறியிருக்கின்றன. மாதத்தை எண்ணாகக் காட்டாமல் பெயராகக் காட்டும் ஃபார்மட்டுக்குப் பத்தியை மாற்றுங்கள். ஒளிந்திருந்தது வெளியே வரும். திருத்தும்போது சீட்டைப் பார்த்துத் திருத்துங்கள், ஊகத்தில் புரட்டிப் போடாதீர்கள். கவுன்ட், கவுன்ட்ஏ சோதனையை எடை, தொகை, பரப்பளவு ஆகிய பத்திகளுக்கும் செய்துவிடுங்கள்.

ஃபார்முலாக்களைப் பார்க்க, கன்ட்ரோல் விசையோடு 1-க்கு இடப்பக்கம் உள்ள விசையை அழுத்துங்கள். எண்கள் மறைந்து எல்லா செல்களிலும் ஃபார்முலாவே தெரியும். ஒரு பத்தியில் மேலிருந்து கீழ்வரை ஒரே அச்சாக இருக்க வேண்டும். நடுவில் ஒரு செல்லில் வெறும் எண் இருந்தால் யாரோ ஒருவர் ஏதோ ஒரு நாள் கையால் தட்டியிருக்கிறார் என்று பொருள். பெரிய கோப்பு என்றால் எஃப்5 அழுத்தி ஸ்பெஷல் என்ற பகுதியில் கான்ஸ்டன்ட்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். கையால் தட்டிய செல்கள் மட்டும் ஒளிரும். அவற்றில் சில நியாயமானவையாக இருக்கலாம், தகராறு தீர்த்துக் கொடுத்த தொகையாக இருக்கலாம். காரணம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதாததற்குக் கேளுங்கள்.

கூட்டல் வரம்பை முனை வரை போய்ப் பாருங்கள். பருவத்தின் நடுவில் சேர்ந்த உறுப்பினர்களை அடியில் சேர்த்துக்கொண்டே போயிருப்பார்கள்; கூட்டல் பழைய கடைசி வரியோடு நின்றிருக்கும். கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் ஆகிய இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2010-இல் நாடுகளின் கடனையும் வளர்ச்சியையும் பற்றி வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில் நேர்ந்ததும் இதே வகைதான். சராசரி எடுத்த வரம்பு ஐந்து வரி முன்னதாகவே முடிந்துவிட்டதால் ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகள் விடுபட்டன. அந்த ஆய்வில் சுட்டிக்காட்டப்பட்ட குறைகளில் இதுவும் ஒன்று. 2013-இல் அதைக் கண்டவர் தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர். ஆய்வாளர்கள் தங்கள் கோப்பையே அவருக்குக் கொடுத்ததால்தான் அவரால் காண முடிந்தது. அச்சிட்ட அட்டவணையை மட்டும் குழுவுக்குக் கொடுக்காமல் கோப்பையே கொடுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு ஷீட்டிலிருந்து முன்பணத்தைத் தேடி எடுக்கும் வி-லுக்அப் ஃபார்முலா உங்கள் கோப்பில் இருக்கும். அதில் மூன்றைப் பாருங்கள். ஒன்று, கடைசி இடத்தில் ஃபால்ஸ் அல்லது 0 இருக்க வேண்டும். அது விட்டுப்போயிருந்தால் எக்செல் சரியான பொருத்தத்தைத் தேடாது. அருகில் உள்ளதை எடுத்துக் கொடுத்துவிடும். இரண்டு, தேடுவது பெயரை வைத்தா, உறுப்பினர் எண்ணை வைத்தா? ஒரே ஊரில் ஒரே முன்னெழுத்தும் ஒரே பெயரும் உள்ளவர்கள் இரண்டு மூன்று பேர் இருப்பது நம் பக்கத்தில் சாதாரணம். எக்செல் முதலில் கண்ட ஆளோடு நின்றுவிடும். ஒருவர் வாங்கிய உரத்துக்கு மூவரிடமும் பிடித்தம் விழும். மூன்றாவதுதான் எனக்கு மிகவும் அச்சம் தருவது: பிழை வந்தால் 0 என்று காட்டச் சொல்லும் இஃப்எரர். பெயரில் ஓர் இடைவெளி கூடுதலாக இருந்தாலும் பொருத்தம் கிடைக்காது. பிழைக்குப் பதில் 0 நிற்கும். முன்பணம் வாங்கியவர் வாங்காதவர் ஆகி முழுத்தொகையும் போய்விடும். சோதனைப் பிரதியில் இஃப்எரரை எல்லாம் எடுத்துவிட்டுப் பாருங்கள். எத்தனை செல்கள் பிழை காட்டுகின்றன என்பதே உங்களுக்குத் தேவையான பட்டியல்.

ஃபார்முலா சீராக இருந்து, கணக்கே தவறாக இருப்பதும் உண்டு. 2012-இல் ஜே.பி. மார்கன் வங்கியின் லண்டன் பிரிவில் பெரும் நட்டம் வந்தபோது, ஆபத்தை அளக்கும் எக்செல் கணக்கில் சராசரியால் வகுக்க வேண்டிய இடத்தில் கூட்டுத்தொகையால் வகுத்திருந்தது வங்கியின் விசாரணையில் தெரிந்தது. ஏற்ற இறக்கம் உள்ளதில் பாதியாகத் தோன்றியது. ஆகவே இரண்டு மூன்று வரிகளைக் கையால், தாளில், கால்குலேட்டரோடு ஆரம்பம் முதல் போட்டுப் பாருங்கள். சிப்பத்தைக் குவிண்டாலாக்கி, விலையால் பெருக்கி, பிடித்தம் கழித்து ரூபாய் வரை வர வேண்டும். கோப்பின் ஃபார்முலாவைப் பார்த்துப் போடாமல், நிறுவனத்தின் தீர்மானப் புத்தகத்தில் உள்ள விதியைப் பார்த்துப் போடுங்கள்.

மறைத்து வைத்த வரிகள், பத்திகள், ஷீட்டுகளை எல்லாம் திறந்துவிடுங்கள். ஃபில்டர் போட்டிருந்தாலும் சாதாரணக் கூட்டல் மறைந்த வரிகளையும் சேர்த்தே கூட்டும். வேறொரு கோப்போடு இணைப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தக் கோப்பு முன்னவரின் மடிக்கணினியோடு போயிருந்தால் உங்கள் திரையில் நிற்பது என்றைக்கோ எடுத்த பழைய எண்.

இனி சீட்டுக் கட்டு. இரண்டு திசையிலும் பார்க்க வேண்டும். கோப்பிலிருந்து சில வரிகளை எடுத்து அவற்றுக்குச் சீட்டு இருக்கிறதா என்று பார்த்தால், இல்லாத நெல்லுக்குப் பணம் போவது தெரியும். சீட்டுக் கட்டிலிருந்து சிலவற்றை உருவி அவை கோப்பில் ஏறியிருக்கின்றனவா என்று பார்த்தால், விட்டுப்போனவர்கள் தெரிவார்கள். பலரும் முதல் திசையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். விடுபட்ட விவசாயியை இரண்டாவது திசை மட்டுமே கண்டுபிடிக்கும். பெரிய தொகைகள் அனைத்தையும் பாருங்கள். மற்றவற்றில் ஒவ்வொரு கிராமத்திலிருந்தும் சிலவற்றை எடுங்கள். இதை நீங்கள் தனியாகச் செய்ய வேண்டாம். ஒருவர் சீட்டை உரக்கப் படிக்க, மற்றவர் திரையில் பார்க்கட்டும். ஹவாய் பல்கலைக்கழகத்தின் ரேமண்ட் பாங்கோ இந்த வகைப் பிழைகளைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்தவர். தனியாகச் சோதித்தவர்களைவிடக் குழுவாகச் சோதித்தவர்கள் அதிகப் பிழைகளைக் கண்டார்கள் என்று அவருடைய சோதனைகள் காட்டின. சீட்டை எழுதிய எடை போடுபவரையே உட்கார வைத்தால் இன்னும் நல்லது. எந்த நாள் மழை, எந்த நாள் கொள்முதலே நடக்கவில்லை என்பதெல்லாம் அவர் நினைவில் இருக்கும்.

கோப்புக்கு பாஸ்வேர்டு போட்டிருப்பதைப் பாதுகாப்பு என்று நான் எண்ணுவதில்லை. தவறான ஃபார்முலாவையும் அது சேர்த்தே பூட்டி வைக்கிறது. அதைவிட, வாட்ஸ்அப்பில் சுற்றும் பிரதிகளை நிறுத்துங்கள்; எது கடைசிப் பிரதி என்று ஒருவர் மட்டும் முடிவு செய்யட்டும். பட்டுவாடாவுக்குத் தேவையில்லாத ஆதார் எண் பத்தியையும் எடுத்துவிடுங்கள்.

குழுவிடம் போகும்போது “கோப்பு சரி” என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடாதீர்கள். சீட்டோடு ஒத்துப்போன வரிகள் இவை, சந்தேகம் உள்ள வரிகள் இவை, காரணம் இது என்று இரண்டு பட்டியல்களாகக் கொடுங்கள். முதல் பட்டியலுக்கு உடனே பணம் அனுப்பலாம். இரண்டாவது பட்டியலில் உள்ளவர்களுக்கு நேரில் சொல்லி, அவர்களுடைய ரசீதைக் கொண்டுவரச் சொல்லுங்கள். நாலு நாள் தாமதத்தை விவசாயி பொறுத்துக்கொள்வார். கொடுத்த பணத்தில் கூடுதலைத் திருப்பிக் கேட்டு வாசலில் போய் நிற்பது நிறுவனத்தின் பெயரையே கெடுத்துவிடும்.

கடைசியாக, வங்கிக்கு ஏற்றும் கோப்பு. நம் பணப் பரிமாற்ற முறையில் கணக்கு எண்ணை வைத்தே வரவு வைக்கப்படுகிறது. பெயர் ஒத்துப்போகாவிட்டால் திரும்பிவிடும் என்று நம்ப முடியாது. எக்செல் 15 இலக்கம் வரைதான் எண்ணைச் சரியாக வைத்துக்கொள்ளும். 16 இலக்கக் கணக்கு எண்ணை எண்ணாகத் தட்டினால் கடைசி இலக்கம் 0 ஆகிவிடும். முன்னால் உள்ள பூஜ்யங்களும் உதிர்ந்துவிடும். பிறகு ஃபார்மட்டை மாற்றினாலும் போனது திரும்பாது. ஆகவே பத்தியை முதலில் டெக்ஸ்ட் வகைக்கு மாற்றிவிட்டு, பாஸ்புக் நகலைப் பார்த்து மறுபடி பதியுங்கள். லென் ஃபார்முலாவால் இலக்கங்களை எண்ணி, ஒரே வங்கியின் கணக்குகள் ஒரே நீளத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு 11 எழுத்து. ஐந்தாவது இடத்தில் இருப்பது பூஜ்யம், ஆங்கில ‘ஓ’ எழுத்து கிடையாது. ஒரே கணக்கு எண் இரண்டு உறுப்பினர்களுக்கு எதிரே வருகிறதா என்றும் தேடுங்கள். கணவன் மனைவி கூட்டுக் கணக்காக இருந்தால் சரி, இல்லையென்றால் நிறுத்தி வையுங்கள். புதிய கணக்குகளுக்கு ஒரு ரூபாய் அனுப்பி, வந்ததா என்று போன் செய்து கேட்டுவிடுங்கள். வங்கித் தளத்தில் ஒப்புதல் கொடுக்கும் முன் திரையில் காட்டும் வரி எண்ணிக்கையும் மொத்தத் தொகையும், குழு கையெழுத்திட்ட தாளில் உள்ளதோடு ரூபாய் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். ஒப்புதலை இன்னொருவர் கொடுக்கட்டும், கோப்பைத் தயாரித்த நீங்கள் கொடுக்க வேண்டாம்.